அமைதியான வீடு

‘அவர் பசுப் போன்றவர், ஒரு சொல் அதிர்ந்து பேசமாட்டார்’ என்று சிலரைப் பற்றி ஊரார் கூறுவதுண்டு. கலியாணம் பேசும் இடத்திலே இந்தச் சான்றிதழுக்குத் தனி மதிப்பு. மாப்பிள்ளையின் உத்தியோகம், காணி பூமி, சீதனக் கணக்கு எல்லாம் பேசி முடிந்து எழும்பும் வேளையிலே, தரகர் இதனை மேலதிகமாக எடுத்து வைப்பார். எமக்கும் அப்படியொரு சான்றிதழ் கிடைத்திருந்தது.

அது பொய்ச் சான்றிதழ் என்று சொல்ல வரவில்லை. கந்தோரிலே மேலதிகாரி முகம் சிவந்து பேசினால், நாம் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டு நிற்போம். சங்கக்கடை வரிசையிலே யாரேனும் இடையிற் புகுந்தால், பேசாது ஓரடி பின்வாங்குவோம். பஸ்ஸிலே எம் காலை மிதித்தவரிடம் நாமே மன்னிப்புக் கேட்ட நாளும் உண்டு.

வீட்டிலும் நாம் சத்தமிடுவதில்லை. சத்தமிட வேண்டிய அவசியம் நேர்வதில்லை. மாலையிலே எம் சைக்கிளைச் சுவரிலே சாத்தும் ஓசை கேட்டதும் வானொலி தணிந்துவிடும். பிள்ளைகள் புத்தகமும் கையுமாய் இருப்பார்கள். அடுக்களையிலே சட்டி பானைகள்கூட மெல்லவே பேசும். அயலிலே இருந்த ஆசிரியர் ஒருவர், “உங்கட வீடு ஓர் ஆச்சிரமம் மாதிரி” என்று ஒரு நாள் சொன்னார். அதனை நாம் பெருமையாகவே ஏற்றுக்கொண்டோம். அது எத்தகைய ஆச்சிரமம் என்பதை 1979 ஆம் ஆண்டிலே எம் மகனின் வலது பாதம் எமக்குக் காட்டிக்கொடுத்தது. அதற்கு வருமுன் துலாவைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும்.

இக்கால மாணவர் பலர் துலாவைப் படத்திலேதான் கண்டிருப்பர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு என்று ஒன்றும் இல்லை. சுண்ணாம்புக் கல்லின் அடியிலே தங்கி நிற்கும் மழைநீரைக் கிணறு வெட்டி எடுத்தே புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைந்தன. மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டந்தோறும் வருமுன், அந்த நீரை மேலே கொண்டுவந்தவை துலாக்களே. கிணற்றருகே இரண்டு ஆடுகால்கள். அவற்றின் இடையே, தராசுக் கோல்போல் ஏறி இறங்கும் நீண்ட பனைமரத் துலா. துலாவின் நுனியிலே கொடி. கொடியின் முனையிலே பட்டை. கிணற்றோரம் நிற்பவர் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலிலே சரிப்பார். துலாவின் மேலே ஒருவர், பெருந் தோட்டமாயின் இருவர், முன்னும் பின்னுமாக நடப்பர். கிணற்றை நோக்கி நடந்தால் பட்டை நீருக்குள் இறங்கும். திரும்பிப் பின்னே நடந்தால் நீரோடு எழும்பும். துலா என்னும் சொல்லுக்கே தராசு என்றும் ஒரு பொருள் உண்டு என்பதை மாணவர்கள் அறிவர்.

எம் பாட்டனார் துலா மிதிப்பதிலே பெயர் பெற்றவர். அவரை நாம் ‘அப்பு’ என்போம். விடியற்புறம் நான்கு மணிக்கெல்லாம் தலைப்பாகையோடு துலாவில் ஏறிவிடுவார். இருட்டிலே கீழே நின்று பார்த்தால், ஆகாயத்திலே ஒருவர் உலாப்போவது போலிருக்கும். பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவது எம் வேலை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, தூக்கக் கண்ணோடு, அந்த உலாவைப் பார்த்தபடி நின்ற விடியல்கள் இன்றும் கண்ணில் நிற்கின்றன. அப்பு ஓடமாட்டார், தயங்கவும் மாட்டார். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் அவருடைய நடை ஒன்றாகவே இருக்கும்.

1956 இல், எமக்குப் பத்து வயது. துலாவில் ஏறவேண்டும் என்று அடம் பிடித்தோம். ஏற்றிவிட்டார்கள். இரண்டடி வைத்ததும் கால் நடுங்கிற்று. அசையாமல் நின்றால் பிழைத்துக்கொள்ளலாம் என்று எண்ணி, காலை ஊன்றிக்கொண்டு நின்றோம். நின்றதுதான் தாமதம், துலா சரியத் தொடங்கிற்று.

“நிக்காதை மோனை! நட! நட!” என்று அப்பு கீழிருந்து கத்தினார்.

நடக்க முடியவில்லை. குதித்தோம். வாய்க்காற் சேற்றிலே விழுந்தபடியால் எலும்பு தப்பியது. எல்லாரும் சிரித்து ஓய்ந்தபின், அப்பு எம்மை ஆடுகாலின் அருகே நிறுத்தித் தம் பாதங்களைப் பார்க்கச் சொன்னார். தரையில் நின்று பார்த்தபோது பாட்டையில் நடப்பவர்போல் தோன்றிய அவருடைய கால்விரல்கள் ஒரு கணமும் ஓயவில்லை. பெருவிரல் அழுந்தும், குதி தளரும், இடுப்பு ஒரு நூலளவு சாயும், உடனே மறுபக்கம் வரும். “அடிக்கொருக்கால் உடம்பைத் திருத்தவேணும். திருத்திறது கீழை நிக்கிறவனுக்குத் தெரியாது” என்றார். அவ்வளவுதான். அவர் தத்துவம் பேசுபவர் அல்லர். அன்றைய கவலை அவருக்கு நாற்பது பாத்தி புகையிலையைப் பற்றியதே.

இனி 1979. எம் மகனுக்கு அப்போது எட்டு வயது. அயலிலே பாதி கட்டப்பட்டு நின்ற வீடொன்றிலே பிள்ளைகள் விளையாடுவார்கள். அங்கே போகக்கூடாது என்று நாம் ஒரு முறை சொல்லியிருந்தோம். எதனையும் ஒரு முறைதான் சொல்வோம். அதுவும் எம் பெருமைகளுள் ஒன்று. பையன் போனான். பழைய பலகையொன்றிலே நீட்டிக்கொண்டிருந்த ஆணி பாதத்திலே ஏறிவிட்டது. தானே இழுத்து எடுத்து, கிணற்றடியிலே கழுவி, ஒருவருக்கும் சொல்லாமல் வந்து பாடம் படித்தான். இரண்டாம் நாள் இரவு தாயார் கண்டுபிடித்துவிட்டார். மஞ்சளும் வேப்பெண்ணெயும் காய்ச்சிக் கட்டினார். அவரும் எமக்குச் சொல்லவில்லை. ஐந்து நாள் அவன் எம் முன்னாலே நடமாடினான். நொண்டவில்லை. எம் கண் படும் இடத்திலே நொண்டாமல் நடப்பதற்கு அந்தப் பிள்ளை எவ்வளவு பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்பதை நினைக்கும்போது, இன்றும் நெஞ்சிலே ஏதோ இடறுகிறது.

ஐந்தாம் நாள் இரவு காய்ச்சல் ஏறிப் பிதற்றத் தொடங்கினான். போர்வையை நீக்கியபோதுதான் பாதத்தைக் கண்டோம். வீங்கிப் பளபளத்தது. காரொன்றைப் பிடித்துக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினோம்.

எம்மைப் பசு என்று சான்றிதழ் தந்தவர்கள் அன்று அந்த விடுதியிலே இருந்திருக்க வேண்டும். தாதி ஒருவரே நின்றார். மூலையிலே ஒரு கட்டிலருகே, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, தொங்கும் போத்தலிலிருந்து விழும் துளிகளை எண்ணிக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டும் திரும்பவில்லை. நாம் சத்தமிட்டோம். வாழ்நாளிலே அப்படிச் சத்தமிட்டதில்லை. ‘மனிசர் சாகும் மட்டும் நீங்கள் இப்பிடியே நிற்பீர்களோ’ என்பது நாம் சொன்னவற்றுள் மெல்லிய வார்த்தை. அவர் எண்ணி முடித்தார். குழாயின் திருகியைச் சிறிது திருப்பினார். பிறகு வந்தார்.

“ஐயா, அந்த வாங்கிலை இருங்கோ” என்றார். குரலிலே கோபம் இல்லை, பணிவும் இல்லை. பையனுடைய கட்டிலிலே அமர்ந்து, காலைத் தம் மடிமீது எடுத்து வைத்துக்கொண்டார்.

“எப்ப ராசா குத்தினது?”

எம் மகன் எம்மை ஒரு முறை பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

“போன வியாழக்கிழமை, மிஸி. ஆணி. அப்பாட்டைச் சொல்லாதேங்கோ.”

நாம் அங்கிருந்து இரண்டு யார் தூரத்தில் இருந்தோம்.

மருத்துவர் வந்தார். முதலிலே பையனை வாயை நன்றாகத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். காலிலே புண் இருக்க வாயை ஏன் பார்க்கிறார் என்று எமக்கு விளங்கவில்லை. விளங்காதது அன்று எமக்கு நல்லதாயிற்று. ஏற்பு நோயிலே பெரும்பாலும் தாடையே முதலில் இறுகும். அந்நோயை உண்டாக்குவது துரு அன்று; மண்ணிலும் எருவிலும் வாழும் கிருமியே. ஆழமாகக் குத்திய புண்ணிலே காற்றுப் புகாத இடம் அதற்கு வாய்ப்பாகிறது. குத்திய மூன்றாம் நாள் முதல் இருபத்தோராம் நாள் வரைக்கும், சில வேளை அதற்குப் பின்னும், நோய் தலைகாட்டக் கூடும். ஆகையால் எந்த நாளிலே குத்தியது என்ற கணக்கு மருத்துவருக்கு வேண்டியிருந்தது. அந்தக் கணக்கைத் தகப்பனால் சொல்ல முடியவில்லை. தாதியின் ஒரு கேள்வி அதனை வெளியே கொண்டுவந்தது. புண்ணைக் கீறிச் சீழை எடுத்தார்கள், ஏற்பு ஊசி போட்டார்கள், பெனிசிலினும் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் பையன் வீடு திரும்பினான்.

ஆனால் அந்த முதலிரவு முடியவில்லை. விடியுமுன் மூலைக் கட்டிலிலே இருந்த குழந்தை இறந்துவிட்டது. எம் சத்தத்துக்கு நடுவே அந்தத் தாதி எண்ணிய துளிகள் அந்தக் குழந்தைக்கு உரியவை. தாயை அணைத்து வெளியே கூட்டிச் சென்றவரும் அவரே. பின் வந்து எம் மகனுக்குக் காய்ச்சல் பார்த்தார். “குறைஞ்சிருக்கு” என்றார், முன்னிரவிலே கேட்ட அதே குரலில். சற்று நேரத்தின் பின் நாம் தண்ணீர் எடுக்கப் பின்புறம் போனபோது, குழாயடியிலே அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கழுவித் துடைப்பார், மறுபடியும் கழுவுவார். நாம் போத்தலை நிரப்பாமலே திரும்பிவிட்டோம். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பஸ்ஸிலே காலை மிதித்தவரிடம் மன்னிப்புக் கேட்ட வாய் அது.

வீடு வந்தபின் ஒரு நாள் எம் மனைவியிடம் கேட்டோம்: “நான் என்ன அடிக்கிறனோ, ஏசுறனோ? ஏன் எனக்கு ஒளிச்சனீங்கள்?”

அவர் உடனே விடை சொல்லவில்லை. அரிசியிலே கல் பொறுக்கிக்கொண்டே, “ஏசினால் ஏசினதோடை முடிஞ்சுபோம். நீங்கள் ஏசமாட்டியள். மூண்டு நாளைக்குப் பேசமாட்டியள். அது பிள்ளையளுக்குத் தாங்காது” என்றார். சிறிது பொறுத்து, “எனக்கும்” என்றார்.

எம் சாந்தத்தின் உள்ளிருப்பு இதுவே. கோபம் வராமல் இருந்ததில்லை. வந்த கோபத்தை வாயால் வெளியே விடாமல், வீடு முழுவதும் பனிபோல் பரப்பி வைத்திருந்தோம். சத்தம் இல்லாதபடியால் அதனைக் கோபம் என்று நாமே அறியவில்லை. துலாவிலே காலை ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்ற பத்து வயதுப் பையனைப் போலவே நின்றோம். சரிந்ததென்னவோ மற்றவர்கள் பக்கம்.

அக்காலத்திலே திருக்குறளை மறுபடி எடுத்துப் பார்த்தோம். வள்ளுவர் பொறையுடைமையை 16 ஆம் அதிகாரமாக இல்லறவியலிலே வைத்தார். வெகுளாமையை 31 ஆம் அதிகாரமாகத் துறவறவியலிலே வைத்தார். வெகுளாமை துறவிகளுக்குரிய பாடம், சம்சாரிக்குப் பொறுமை போதும் என்று நாம் முன்னர் ஒரு சலுகை எடுத்துக்கொண்டதுண்டு. ஆனால் வெகுளாமையின் முதற் குறளே எம்மைப் பிடித்துக்கொண்டது. தன் சினம் செல்லக்கூடிய இடத்திலே அதனைக் காப்பவனே காப்பவன். செல்லாத இடத்திலே காத்தால் என்ன, காவாவிட்டால் என்ன என்பது அதன் கருத்து. மேலதிகாரியின் முன்னே எம் சினம் செல்லாது. சங்கக்கடையிலும் செல்லாது. எட்டு வயதுப் பிள்ளையிடம் செல்லும். இருபது ஆண்டாய் நாம் சேர்த்து வைத்த நற்பெயர் முழுவதும் செல்லாத இடங்களிலே சேர்த்தது என்று தெரிந்தபோது, வள்ளுவர்மீதே சிறிது கோபம் வந்தது என்பதையும் மறைக்கவில்லை.

அந்தத் தாதியின் முகம் மட்டும் விளங்காமலே இருந்தது. கல்நெஞ்சு என்று எண்ணினால் குழாயடி நினைவுக்கு வரும். சில ஆண்டுகளின் பின், மருத்துவம் பயின்றுகொண்டிருந்த எம் மருமகன் ஒருவன் கொணர்ந்து தந்த ஒரு நூலிலே விளக்கம் கிடைத்தது. சேர் வில்லியம் ஒஸ்லர் என்ற மருத்துவரின் சொற்பொழிவுகள் அடங்கிய நூல் அது. ஒஸ்லர் 1849 இல் கனடாவிலே பிறந்தவர். 1889 ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலே மருத்துவம் முடித்து வெளியேறும் மாணவர்களுக்கு ஒரு பிரிவுரை நிகழ்த்தினார். அதன் தலைப்பு ஓர் இலத்தீன் சொல்: ‘எக்குவானிமிற்றாஸ்’. சமசித்தம் என்று நாம் தமிழ்ப்படுத்தலாம். 161 இல் இறந்த உரோமச் சக்கரவர்த்தி அன்ரனைனஸ் பயஸ், மரணப் படுக்கையிலே காவலருக்குக் கொடுத்த அடையாளச் சொல் அதுவே என்பர்.

ஒஸ்லர் அங்கே இரண்டு குணங்களை வேறுபிரிக்கிறார். ஒன்று உடம்பைச் சார்ந்தது: ஆபத்து வேளையிலே முகமும் கையும் பதறாமை. நோயாளி மருத்துவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்; அங்கே பதற்றம் தெரிந்தால் நம்பிக்கை போய்விடும். மற்றது மனத்தைச் சார்ந்தது, அதுவே சமசித்தம். அதனைப் பெறுவதற்கு, சுற்றியுள்ள மனிதரிடம் மிகுதியாக எதிர்பாராதிருத்தலை முதற் படியாகச் சொல்கிறார். இந்தப் படி எமக்குப் பிடித்திருந்தது. ஆனால் மருத்துவனுக்கு ஓரளவு உணர்ச்சி மரத்தலும் வேண்டும் என்று அவர் சொல்லுமிடம் எமக்கு இடித்தது, இன்றும் இடிக்கிறது. நாற்பது வயது நிரம்பாத ஒருவர், பெரிய துக்கம் ஒன்றும் தம்மைத் தொடுமுன் சொன்ன சொல் அது என்று நாம் கருதுகிறோம்.

துக்கம் பின்னர் வந்தது. ஒஸ்லர் 1905 முதல் ஒக்ஸ்போட்டிலே பேராசிரியராயிருந்தார். அவருடைய முதற் குழந்தை பிறந்த சில நாளிலே இறந்தது. எஞ்சிய ஒரே மகன் ரெவியர், முதலாம் உலகப் போரிலே பீரங்கிப் படையிற் சேர்ந்து, 1917 ஆகஸ்ட் மாதத்திலே பெல்ஜியத்தில் படுகாயமுற்றான். வயது 21. அவனைக் காப்பாற்ற முயன்ற மருத்துவர்கள் தந்தையின் நண்பர்கள். அவர்களுள் ஒருவர் மூளைச் சத்திரசிகிச்சையிலே புகழ்பெற்ற ஹாவி குஷிங். அவர்களாலும் இயலவில்லை. 1925 இல் ஒஸ்லரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டவரும் அந்தக் குஷிங்கே.

ஒஸ்லர் வேலையை நிறுத்தவில்லை. நோயாளரைப் பார்த்தார், வீட்டுக்கு வந்த இளைஞர்களை வழக்கம்போல் பகிடி பேசி உபசரித்தார். இரவிலே தனியே அழுதார் என்றும் எழுதியிருக்கிறார்கள். 1919 டிசம்பரிலே அவரும் காலமானார். 1889 இலே மேடையில் நின்று சொன்னவர் பெரிய பேச்சாளர். எமக்கு உறவாகத் தோன்றுபவர் 1917 இலே பகலிற் சிரித்து இரவில் அழுத கிழவரே. அவரையும் அந்தத் தாதியையும் ஒரே குழாயடியிலே நிறுத்திப் பார்க்க முடிகிறது. அப்புவின் கால்விரல்களும் அப்போதுதான் எமக்கு முழுதாய் விளங்கின. தரையில் நிற்பவனுக்குத் தெரிவது நடை. விரல்களின் வேலை வேறு.

இவ்வளவையும் விளங்கிக்கொண்டபின் நாம் மாறிவிட்டோம் என்று எழுத ஆசைதான். மாறுவதற்கு முயன்றோம். கோபம் வந்தால் வந்தது என்று அன்றைக்கே சொல்லிவிடுவது. மறுநாட் காலைக்கு அதனைக் கொண்டு செல்வதில்லை என்று ஒரு விதி வகுத்தோம். முதல் மாதத்திலேயே இரு முறை தவறினோம். “எனக்கு உன்னிலை கோபம்” என்று சொல்வதற்குள் எமக்கு வியர்த்துவிடும். கேட்ட பிள்ளைகளுக்கோ அது புதிய பயமாயிருந்தது. சில வேளைகளிலே சொல்ல வேண்டியதைவிட உரத்துச் சொல்லிவிட்டு, நாமே போய்ச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. ஆச்சிரமம் கலைந்தது. அயல் வீட்டு ஆசிரியர் என்ன நினைத்தாரோ, அறியோம்.

ஒரு வருடத்துக்கு மேலாகி இருக்கும். ஒரு மாலை, வழக்கம்போல் சைக்கிளைச் சுவரிலே சாத்தினோம். உள்ளே வானொலியிலே பாட்டு. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ் நிகழ்ச்சி. பாட்டுத் தணியவில்லை. எமக்குக் கேட்டது அவர்களுக்கும் கேட்டிருக்கும். மகனும் அவன் தங்கையும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அந்தப் பாட்டு முடியும் மட்டும் நாம் முற்றத்திலேயே நின்றோம்.

எம் மகனுக்கு இப்போது ஐம்பது வயது கடந்துவிட்டது. கடல் கடந்து வாழ்கிறான். கிழமைக்கு இரு முறை தொலைபேசியிலே பேசுவான். நல்ல செய்தியாயின் நேரே சொல்லிவிடுவான். மற்றபடியாயின், முதலிலே பிள்ளைகளின் படிப்பைச் சொல்வான்; பிறகு அங்குள்ள குளிரைச் சொல்வான்; பிறகு சற்றே நிறுத்தி, “அப்பா, ஒண்டுமில்லை…” என்று தொடங்குவான். எட்டு வயதிலே நொண்டாமல் நடந்த நடை அது. நாம் எழுந்து, அறையிலே மெல்ல நடக்கத் தொடங்குவோம். நின்று கேட்டால் எமக்கு இன்னும் இயலாது.

“சொல்லு ராசா” என்போம். “எப்ப நடந்தது?”